தாடைக்கு ஒரு கால் எலும்பு

பத்தொன்பது வருடமாக அவள் வண்டி ஓட்டியது ஸ்டியரிங் இல்லாத பக்கத்தில் உட்கார்ந்துதான். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுடைய இருக்கை அது. காலடியில் அவளுக்கென்று தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். கைக்கு ஒன்றும் கிடையாது. மிச்சம் எல்லாவற்றையும் வாயால்தான் செய்தாக வேண்டும்.

அந்த வாய் ஊரறிந்தது. "கிளட்சை மிதிக்காதீங்க சார், அமுக்குங்க. அது என்ன பாம்பா?" என்பாள். "கண்ணாடியைப் பாருங்க. தலை சீவுறதுக்கு இல்ல, பின்னாடி யாரு வர்றாங்கன்னு பார்க்கறதுக்கு." வளைவில் திணறுகிறவர்களிடம், "ரோடு எங்கயும் ஓடிப்போகாது, நிதானமாத் திருப்புங்க" என்பாள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் முதல் நாள் அவளுக்குப் பயந்தார்கள். பத்தாம் நாள் அவள் இல்லாமல் வண்டியை எடுக்கப் பயந்தார்கள். எந்த நேரமும் அவள் கால் பிரேக்கின் மேலேயே இருந்ததால் 'பிரேக்கம்மா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். போனில் விசாரிக்கிறவர்களில் பாதிப் பேர் "பிரேக்கம்மா பள்ளியா?" என்றுதான் கேட்பார்கள். முதலாளிக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. செலவு செய்து பெரிய பலகை மாட்டியும் பள்ளியின் பெயர் ஒருவர் வாயிலும் நுழையவில்லையே என்று.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. வீட்டில் அவளும் கணவரும் மட்டும். அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை, கண்ணாடி வில்லைகளைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துக் கொடுப்பது. நாள் முழுக்க இயந்திரத்தின் இரைச்சலில் உட்கார்ந்து பழகியவர், நாலு வார்த்தை வேண்டிய இடத்தில் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார். இருவருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். குழந்தை இல்லை, அதைப் பற்றிப் பேசி முடித்தும் வெகுகாலம் ஆகியிருந்தது. இரண்டு தெரு தள்ளி நாத்தனார் வீடு. நல்ல மனுஷிதான், ஆனால் அவள் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

முதலில் அது வெறும் பல்வலி. கீழ்த்தாடையில் இடது பக்கக் கடைவாய்ப்பல். காரணமும் அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். "ஆளாளுக்குக் குப்புறத் தள்ற மாதிரி வண்டியை நிறுத்தறாங்க. ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடிச்சுக்கறேன். பல்லு என்ன இரும்பா?" தெருமுனைப் பல் மருத்துவரும் அதை ஒப்புக்கொண்டு பல்லைப் பிடுங்கினார். பல் போனது, வலி போகவில்லை. பிடுங்கிய குழி ஆறாமல் அப்படியே கிடந்தது. ஓரத்தில் ஈறு தடித்து மேலே வந்தது. மூன்று தடவை மாத்திரை மாற்றிக் கொடுத்தார் மருத்துவர். "சிலருக்கு ஆற நாளாகும்மா" என்றார். அவளும் ஆறட்டும் என்று விட்டுவிட்டாள். விடிந்தால் ஏழு பேருக்கு வண்டி கற்றுக்கொடுக்க வேண்டியவளுக்கு ஒரு குழியை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க ஏது நேரம்?

அப்போது அவளிடம் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி ஒருவர் கற்றுக்கொண்டிருந்தார். முன்னால் போவது அவருக்குப் பிரச்சினை இல்லை. பின்னால் எடுக்கச் சொன்னால் மட்டும் கைகால் உதறும். 'ரிவர்ஸ் சார்' என்று அவள் பெயர் வைத்திருந்தாள். ஒரு காலை, பயிற்சி முடிந்து இருவரும் வண்டிக்குள்ளேயே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தயங்கித் தயங்கித் தன் கைக்குட்டையை நீட்டினார்.

"என்ன சார்?"

"இல்ல டீச்சர். தாடையில வழியுது."

பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். டீ மோவாய் வழியாக இறங்கிக் கழுத்தை நனைத்திருந்தது. சூடான டீ. அவளுக்குத் தெரியவே இல்லை. விரலால் கீழுதட்டைத் தொட்டாள். விரலுக்கு உதடு தெரிந்தது, உதட்டுக்கு விரல் தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் மரத்துப்போகுமே, அந்த மாதிரி. ஆனால் ஊசி போட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது.

அன்று மாலையே வேறொரு பல் மருத்துவமனைக்குப் போனாள். அங்கிருந்தவள் சின்ன வயதுப் பெண். எக்ஸ்ரே எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்து, நெடுநேரம் பார்த்தாள்.

"பல்லுக்கும் எலும்புக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருக்கும்மா. தலைமுடி அளவுக்குத்தான். உங்களுக்கு இந்த ரெண்டு பல்லைச் சுத்தியும் அது அகலமா இருக்கு. உதடு வேற மரத்திருக்குன்னு சொல்றீங்க."

"அதுக்கு என்ன பண்ணணும்?"

"நான் ஒண்ணும் பண்ணமாட்டேன். என் கை படாம இருக்கறதுதான் உங்களுக்கு நல்லது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், நாளைக்கே போங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் வாயைக் காட்டியதும் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். சீட்டு எழுதுகிறவர் கேட்டார், ரத்தம் எடுத்தவர் கேட்டார், பயிற்சி மருத்துவர்கள் இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். புகையிலை எத்தனை வருஷமாப் போடறீங்க? போடறீங்களா என்றுகூட இல்லை, எத்தனை வருஷமாக. "போட்டதே இல்ல" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். ஐந்தாவது ஆள், "எங்ககிட்ட மறைக்காதீங்கம்மா" என்றபோது அவளுக்குச் சுருக்கென்று வந்தது. "சார், நான் சூயிங்கம் கூட மெல்றதில்ல. என் வேலைக்கு வாய் காலியா இருக்கணும்" என்றாள். அவர் எழுதிக்கொண்ட தாளில் என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தாள். 'மறுக்கிறார்' என்று இருந்தது. செய்யாத குற்றத்துக்குக் கூண்டில் ஏற்றியது மாதிரி இருந்தது அவளுக்கு.

தாடை அறுவை மருத்துவர் ஒருவர் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மெல்லிய குரல் அவருக்கு. காதை நீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். ஒரு குச்சியின் நுனியால் அவள் மோவாயில் புள்ளி புள்ளியாகத் தொட்டு, "இங்க தெரியுதா, இங்க?" என்று மரத்த இடத்துக்கு எல்லை வரைந்தார். ஈறு தடித்த இடத்தில் ஒரு சதைத்துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. கெடுதல் இல்லாத எலும்பு வளர்ச்சி என்று எழுதியிருந்தது. கணவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாத்தனார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அவளும் மறுநாளே பயிற்சி வண்டியில் ஏறிவிட்டாள். பதினொரு நாள் அந்த நிம்மதி இருந்தது.

பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன். அந்த மருத்துவரே பேசினார். "ரிப்போர்ட் சொல்றதும் உங்க உதடு சொல்றதும் ஒத்துப்போகலம்மா. சாதுவான கட்டி நரம்பைத் தள்ளும், இப்படி மரத்துப்போக வைக்காது. நாம மேலாப்புல எடுத்துட்டோமோன்னு சந்தேகம். இன்னும் ஆழமா எடுத்துப் பார்க்கணும்." இரண்டாவது முறை எலும்புக்குள்ளிருந்தே துண்டு எடுத்தார்கள். அதை மெல்லிசாகச் சீவி ஒட்டிய கண்ணாடித் தகடுகளை வேறொரு நகரத்தில் எலும்புக் கட்டிகளையே பார்க்கிற ஒருவருக்கு அனுப்பினார்கள். பதினாறு நாள் ஆனது. அந்தப் பதினாறு நாளில் கடைவாய்ப் பக்கம் இன்னொரு பல் ஆட ஆரம்பித்தது. நாக்கால் தள்ளினால் கதவு மாதிரி போய் வந்தது.

முடிவைக் கேட்கப் போன அன்று கணவரையும் நாத்தனாரையும் உள்ளே கூப்பிட்டார்கள். அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். சுவரோடு சேர்த்து அறைந்த பெஞ்சு. எதிரே மூடிய கதவு, கதவுக்கு மேலே ஒரு கடிகாரம். இருபத்து மூன்று நிமிடம். முதலில் வெளியே வந்த நாத்தனாரின் முந்தானை ஒரு மூலையில் ஈரமாக இருந்தது. பின்னால் வந்த கணவர் வழக்கத்துக்கு மாறாக நாலைந்து வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசினார். "ஒண்ணுமில்ல. சின்னக் கட்டிதான். எடுத்துட்டா சரியாயிடும்னு சொன்னார். நீ ஒண்ணும் யோசிக்காத. எல்லாம் நாங்க பார்த்துக்கறோம்."

அவர் அத்தனை பேசியதிலேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

ஆனால் அவள் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? வீட்டுக்குள் அடி வைத்ததிலிருந்து இருவரும் நடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நாத்தனார் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு துணைக்கு வந்துவிட்டாள். "அண்ணி, இதைச் சாப்பிடுங்க, அண்ணி, அதைத் தொடாதீங்க" என்று பின்னாலேயே வந்தாள். டிவியில் ஆஸ்பத்திரிக் காட்சி வந்தால் சானலை மாற்றினாள். அவள் அறைக்குள் நுழைந்தால் அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்தினார்கள். குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டால்கூட இரண்டு நிமிடத்தில், "அண்ணி, உள்ள இருக்கீங்களா?" இவர்களுக்காக அவளும் நடித்தாள். தெரியாதவள் மாதிரி சிரித்தாள். சொல்லாதவர்களும் கேட்காதவளுமாக மூன்று பேரும் ஒரு வீட்டுக்குள் ஒருவரையொருவர் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். இருதலைக் கொள்ளி எறும்பு எந்தப் பக்கம் ஓடும்?

நான்காம் நாள், வகுப்பு இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் வரலியா?"

"வரல. எனக்கு என்னன்னு தெரிஞ்சுக்க வந்தேன்."

"அவர் உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு ரொம்பக் கேட்டுக்கிட்டார்மா."

"தாடை என்னோடது டாக்டர்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். சுற்றி வளைக்கவில்லை. வாயின் தோலில் வருகிற வழக்கமான புற்றுநோய் இல்லை இது. எலும்பிலிருந்தே முளைக்கிற வகை, ஆஸ்டியோசர்கோமா என்று பெயர். பெரும்பாலும் முழங்கால் பக்கத்தில், அதுவும் இளவயதில் வரும். தாடையில் வருவது மிக அபூர்வம். தன் இருபத்தைந்து வருட சர்வீசில் இதோடு மூன்று பேரைத்தான் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

"இதுக்கும் புகையிலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நீங்க என்ன செஞ்சதனாலயும் வரல. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

இதைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. நோயின் பெயரைக் கேட்டபோது வரவில்லை.

இடது தாடையில் காதுக்குக் கீழேயிருந்து மோவாய் வரை எலும்பை எடுத்துவிட வேண்டும் என்றார். நோய் கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நிறுத்த முடியாது, சுற்றிலும் நல்ல எலும்பையும் கொஞ்சம் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். அந்த இடத்தில் வைக்கக் காலிலிருந்து எலும்பு எடுப்பார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு. வெளிப்பக்கத்தில் இருக்கிற மெல்லியதை எடுத்தாலும் நடக்கலாம். அதை ரத்தக்குழாயோடு எடுத்து, இரண்டு இடத்தில் வெட்டித் தாடை மாதிரி வளைத்து, தகடு வைத்துத் திருகி, கழுத்து ரத்தக்குழாயோடு தைத்துவிடுவார்கள்.

"நடக்கலாம், சரி. வண்டி?"

"என்ன வண்டி?"

வேலையைச் சொன்னாள். அவர் முதல்முறையாகச் சிரித்தார். "கணுக்கால்ல கொஞ்ச நாள் பலம் குறையும். ஸ்கேன்ல ரெண்டு கால்லயும் ரத்தக்குழாய் நல்லா இருக்கு. எனக்கு எந்தக் காலா இருந்தாலும் ஒண்ணுதான். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

ஆஸ்பத்திரி வாசலில் பேருந்துக்கு நின்றபடியே அதை யோசித்தாள். இத்தனை நாளில் அவளிடம் ஒருவர் விட்ட முதல் முடிவு அது. இடது கால் கிளட்சுக்கு, வலது கால் பிரேக்குக்கு. இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டாள். பேருந்து வருவதற்குள் முடிவு செய்துவிட்டாள். கிளட்ச் தப்பினால் வண்டி திணறி நின்றுபோகும், அவ்வளவுதான். பிரேக் தப்பினால் எதிரே வருகிறவன் குடும்பம் என்ன ஆவது?

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே சொன்னாள். "எனக்குத் தெரியும். டாக்டர் எல்லாம் சொல்லிட்டார். இடது கால்ல எடுக்கச் சொல்லப்போறேன்."

நாத்தனார் சமையலறையிலிருந்து ஓடிவந்து அப்படியே நின்றாள். கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நீ பயந்துடுவேன்னுதான்..."

"நீங்க ரெண்டு பேரும் பயந்ததுல எனக்குப் பயப்பட இடமே இல்லாமப் போச்சுங்க" என்றாள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். "கொஞ்ச நேரம் என்னையும் பயப்பட விடுங்க."

அறுவை பதினொரு மணி நேரம் நடந்தது. கண் விழித்தபோது அவளுக்கு முதலில் தெரிந்தது மேற்கூரையில் ஒரு கறைதான். அதைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியவில்லை. கழுத்தைத் திருப்பக்கூடாது, திருப்பினால் தைத்த ரத்தக்குழாய் மடங்கிவிடும் என்று இரண்டு பக்கமும் மூட்டை வைத்து இறுக்கியிருந்தார்கள். தொண்டையில் ஓட்டை போட்டு ஒரு குழாய், மூக்கில் ஒன்று, கழுத்தில் இரண்டு. காலில் மாவுக்கட்டு. மூச்சு தொண்டைக் குழாய் வழியாகவே போய் வந்ததால் குரல் கிடையாது. கத்தினால் காற்றுதான் வந்தது. மணிக்கொரு தரம் ஒரு நர்ஸ் வந்து பேனா மாதிரி ஒன்றைத் தாடையில் வைப்பாள். உஷ், உஷ் என்று சத்தம் கேட்கும். "ரத்தம் ஓடுது, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அவளுக்கோ வலது காதோரம், மூட்டைக்கு அடியில் விரல் எட்டாத இடத்தில் அரித்தது. அரிக்கிறது என்று சொல்ல வழியில்லாமல் முக்கால் மணி நேரம் கிடந்தாள். வலியைவிட அந்த அரிப்பைத்தான் பிற்காலத்தில் அதிகம் சொல்லுவாள்.

மூன்றாம் நாள் எழுதி அழிக்கிற வெள்ளைச் சிலேட்டும் பேனாவும் கொடுத்தார்கள். கணவர் தினமும் மாலையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் பேசமாட்டாள் என்பதால் தான் பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருந்தது. பாவம், சரக்கு இருந்தால்தானே. ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகு அன்று கடைக்கு வந்த கண்ணாடிகளைச் சொல்ல ஆரம்பிப்பார். "இன்னைக்கு ஒருத்தருக்கு மைனஸ் ஒன்பது. சோடாபாட்டில் மாதிரி. எவ்வளவு தேய்ச்சும் சட்டத்துல உக்காரல." அவள் மேற்கூரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஆறாம் நாள் தூரத்து உறவுக்காரி ஒருத்தி பார்க்க வந்தாள். இவள் கண்ணை மூடிக்கிடந்ததால் தூங்குவதாக நினைத்துக்கொண்டாள். நாத்தனாரிடம் குரலைத் தாழ்த்தி, "பார்த்தா அப்படித் தெரியல. ஆனா ஊர்ல நாலு ஆம்பளைங்களோட வண்டியில சுத்தற வேலை, பழக்கம் ஒட்டியிருக்கும். புகையிலை இல்லாம வாய்ல வருமா?" என்றாள். நாத்தனார் இல்லை இல்லை என்று திக்கினாள்.

பதில் தொண்டை வரைக்கும் வந்தது. அங்கே ஓட்டைதான் இருந்தது. வாழ்க்கையில் ஒருவருக்கும் பாக்கி வைக்காத வாய் தைத்துப் பூட்டிக் கிடந்தது. கையால் துழாவிச் சிலேட்டை எடுத்தாள். நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, எழுத்தைப் பார்க்க முடியாமல், கோணல்மாணலாக எழுதினாள். 'போட்டதில்லை. காது நன்றாகக் கேட்கிறது.' திருப்பிக் காட்டினாள். உறவுக்காரி அதற்குப் பிறகு வரவில்லை. நாத்தனார் அந்த வாக்கியத்தை அன்று சாயங்காலமே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். வாழ்நாளில் அவள் பரப்பியதில் அந்த ஒன்றுக்கு மட்டும் அண்ணி நன்றி சொன்னாள்.

வெட்டியெடுத்த எலும்பின் விளிம்புகளில் நோய் இல்லை என்று சோதனை சொன்னது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது போயிருந்தால் என்று கீமோ கொடுத்தார்கள், ஐந்து மாதம். முடி போனது, வாயெல்லாம் புண்ணானது. அதற்கிடையில்தான் வாய் மூடிக்கொள்ள ஆரம்பித்தது. வெட்டித் தைத்த சதை உள்ளே இறுகி, நாளுக்கு நாள் திறப்பு குறைந்தது. அறுவைக்கு முன்னால் மூன்று விரல் நுழைந்த வாயில் இரண்டு நுழைந்தது, பிறகு ஒன்று, பிறகு அந்த ஒன்றும் பக்கவாட்டில்தான். ஸ்பூன் போகவில்லை. பல் துலக்க முடியவில்லை. கொட்டாவி வந்தால் பயந்தாள். தும்மல் வந்தால் தாடையைக் கையால் பிடித்துக்கொண்டாள். கனவிலும் யாரோ ஷட்டரை இறக்கிக்கொண்டே இருந்தார்கள்.

அதற்கு மருந்து, மரக்குச்சி. மருத்துவர்கள் நாக்கை அழுத்திப் பார்ப்பார்களே, அந்தத் தட்டைக் குச்சிகள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே செருகிக்கொண்டு உட்கார வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை. முதல் நாள் ஆறு குச்சி. கண்ணில் நீர் கொட்டக் கொட்ட உட்கார்ந்திருப்பாள். ஒரு குச்சி கூட்ட ஒன்பது நாள் ஆகும், ஒரு கீமோ வந்தால் இரண்டு குச்சி குறைந்துவிடும். பதினொன்றைத் தொட்ட வாரம் காய்ச்சல் வந்து எட்டுக்கு இறங்கியது. அன்று குச்சிகளைச் சுவரில் விட்டெறிந்தாள். பிறகு ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கழுவி வைத்தாள். வேறு யார் செய்வார்கள்?

குரல் வந்தது, பேச்சு வரவில்லை. உதட்டின் இடது பாதி தொங்கிவிட்டதால் மேலுதடும் கீழுதடும் சேர்ந்து மூடவில்லை. 'ப'வும் 'ம'வும் காற்றாகப் போயின. கணவரைக் கூப்பிட 'என்னங்க' போதும், அதில் உதட்டுக்கு வேலையில்லை. ஆனால் 'பால்' என்றால் 'ஹால்', 'மருந்து' என்றால் 'அருந்து'. தன் பட்டப்பெயரையே அவளால் சொல்ல முடியவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், கீழுதட்டை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொல்லக் கற்றுக்கொடுத்தாள். கொஞ்சம் பரவாயில்லை. போனில் பேசுவதை அவள் நிறுத்திவிட்டாள். இரண்டு தடவை யாரோ, "குடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டிருந்தார்கள்.

முதலாளி நல்லவர். வேலையை விட்டு அனுப்பவில்லை. அலுவலகத்தில் ஒரு மேஜை போட்டுக்கொடுத்தார். சாலைக் குறியீடுகளின் படம் ஒட்டிய அறை, ஜன்னல் கிடையாது. படிவம் நிரப்ப வேண்டும், வருகிறவர்களை உட்காரச் சொல்ல வேண்டும். சுவர் முழுக்க நில், நுழையாதே, திரும்பாதே, நிறுத்தாதே. ஐந்து மாதம் அந்தச் சிவப்பு வட்டங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும். யார் கிளட்சை வெடுக்கென்று விடுகிறார்கள் என்று உள்ளேயிருந்தே அவளுக்குத் தெரியும். சொல்ல முடியாது.

ஒருநாள் ரிவர்ஸ் சார் வந்து நின்றார். லைசென்ஸ் வாங்கி ஒரு வருடமாகியும் வண்டியை வீட்டு வாசலில் பின்னால் எடுத்து நிறுத்த அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லையாம்.

"எனக்கு ரெண்டு கிளாஸ் வேணும். நீங்கதான் வரணும்."

"என் ஹேச்சு உங்களுக்கு விளங்காது சார்."

"முன்னாடி புரிஞ்சப்பவே நான் கேட்டது கிடையாது" என்றார் அவர்.

முதலாளி தயங்கினார். கடைசியில் மைதானத்துக்குள் மட்டும், ரோட்டுக்குப் போகக்கூடாது என்று சாவியைக் கொடுத்தார். அவள் ஏறி உட்கார்ந்தாள். இடது காலில் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தழும்பு. கிளட்சை அமுக்கினால் கட்டைவிரல் முழுசாக மடங்கவில்லை. ஆனால் அமுங்கியது. வரும் வழியிலேயே வார்த்தைகளைத் தரம்பிரித்து வைத்திருந்தாள். 'பிரேக்' வராது. 'நிறுத்துங்க' வரும். 'திருப்புங்க' வராது, 'கையைச் சுத்துங்க' வரும். 'பின்னாடி' வராது, 'இன்னும்' என்பதில் பாதி வரும், அது போதும். அவர் இரண்டு முறை கம்பத்தை நோக்கிப் போனார். இரண்டு முறையும் அவள் வலது கால் முந்திக்கொண்டது. மூன்றாம் முறை வண்டி கோட்டுக்குள் கோணலாகப் போய் நின்றது. அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இதைக் கேட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவள் இன்றும் மைதானத்தைத் தாண்டவில்லை. வாய் இரண்டு விரலுக்கு மேல் திறப்பதில்லை. இடது பக்கம் பல் கிடையாது. கால் எலும்பில் பல் நட இன்னும் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பிடும்போது வழிவது அவளுக்குத் தெரியாது என்பதால் யார் முன்னாலும் சாப்பிடமாட்டாள். நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பசியோடுதான் திரும்பி வருவாள். எலும்பிலிருந்து முளைக்கிற இந்த வகை, திரும்பி வந்தால் நுரையீரலுக்குத்தான் போகும் என்று படித்து வைத்திருக்கிறாள். சாதாரண இருமலைக்கூட எண்ணுவாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். எடுத்த நாளிலிருந்து முடிவு வரும் வரை வீட்டில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். முடிவு நல்லபடியாக வந்தால் பத்து நாள் மூச்சு விடுவாள். பிறகு அடுத்த தேதி தெரிய ஆரம்பிக்கும்.

போன மாதம் மருத்துவர் படங்களைப் பார்த்துவிட்டு, "இனிமே ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்தா போதும்" என்றார். கணவர் கும்பிட்டே விட்டார். பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு, உதட்டை விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"மூணு மாசம்னா எப்படியோ தாக்குப்பிடிச்சேன். ஆறு மாசம் பார்க்காம இருந்தா உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? என்ன பண்றது அதுவரைக்கும்?"

அவர் பேருந்து வரும் திசையைப் பார்த்தார். பேருந்து வந்து நின்று, ஆட்கள் இறங்கி ஏறினார்கள்.

"நாளைக்கு எட்டு மணிக்கு யாரோ புதுசா வர்றாங்கன்னியே" என்றார்.

வந்தது ஒரு வக்கீலம்மா, ஐம்பது வயதிருக்கும். ஏறி உட்கார்ந்து, கைப்பையை எங்கே வைப்பது என்று தேடி, பெல்ட்டை இழுத்துக் குழப்பிக்கொண்டு, கடைசியில் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்தாள். அவள் சொன்னது வக்கீலம்மாவுக்கு விளங்கவில்லை. "என்ன சொன்னீங்க?" என்றாள். அவள் திரும்பச் சொன்னாள். வக்கீலம்மா சங்கடத்தோடு சிரித்தாள். மூன்றாம் தடவை, விரலால் உதட்டைப் பிடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

"சாவியைத் திருகுங்க."

"ஓ, சாவியா?" என்று வக்கீலம்மா திருகினாள்.